இருபத்தெட்டாம் நாள் ஸ்லைடு

கிட்கும் சாலை சேறான வாரத்தில்
எண்பத்தெட்டுப் பிள்ளைகள்
எங்கள் ஏட்டில் எண்களானார்கள்.
நாற்பத்தொன்று: கோமாகேச், வயது மூன்று.
அச்சோலி மொழியில் அதிர்ஷ்டமில்லாதவன்.
சொல்லைப் பிளந்தால்
உடல் கசக்கிறது என்று வரும்.

மாத்திரையும் கசந்தது.
எள்விழுதில் குழைத்து ஊட்டினாள் லாலம்.
அரைமணிக்குள் கக்கினால் மறுபடி முழு மாத்திரை,
அதற்குப் பிறகென்றால் பாதி. அது விதி.
இருபத்தாறாம் நிமிடம் கக்கினான்.
நாலே நிமிடம், கண்ணை மூடியிருக்கலாமே
என்றது அவள் பார்வை.
நான் முழுதாய் உடைத்துக் கொடுத்தேன்.

இவன் வயதில் எனக்குத் தந்தது வேறு மாத்திரை.
விழுங்கிய இரவு உள்ளங்கால் அரிக்கும்,
சுவரில் தேய்த்துக்கொண்டே தூங்குவேன்.
அது வேலை செய்யாமல் போனதை
மாத்திரை சொல்லவில்லை.
அடுத்தடுத்து வெட்டிய சின்னக் குழிகள் சொல்லின.
அதனால்தான் இப்போது
நிற்கிற பாலத்தின் மேலேயே
பாரம் ஏற்றிப் பார்க்கிறோம்.

முதல் நாள் ஒரு துளியில் பல்லாயிரம்.
இரண்டாம் நாள் விரல்விட்டு எண்ணலாம்.
மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
ஏழாம் நாளும்.

பதினான்காம் நாள் அவள் வரவில்லை.
மோட்டார்சைக்கிள்காரன் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டான்,
மீதி நடை.
எள்வயலில் களைகொத்திக்கொண்டிருந்தாள்.
கோமாகேச் கரையான்புற்றின் மேல் ஏறி நின்று
யாரோ ஒரு வாத்தைத் திட்டிக்கொண்டிருந்தான்.
"நல்லா இருக்கிற உடம்பில் எதற்கு ஓட்டை?"
கையெழுத்திட்ட தாளில் பதில் இருந்தது, ஆறு பக்கம்.
கையில் கொத்துள்ளவளிடம் ஆறு பக்கம் செல்லாது.
"நோய் தீர்ந்ததா என்று பார்க்க இல்லை,
மருந்து தீர்ந்துபோனதா என்று பார்க்க."
"அப்போ என் பிள்ளை உங்களுக்குத் தராசா?"

ஆமாம் என்றேன்.

கொத்தைக் கீழே போட்டாள்.
பாட்டில் தண்ணீரில் அவன் கையைக் கழுவி
மோதிர விரலை அவளே பிடித்துக்கொடுத்தாள்.

இருபத்தெட்டாம் நாள் மின்சாரம் இல்லை.
ஜன்னலோரம் நகர்த்தி
மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் வெயிலைப் பிடித்தேன்.
இடது கட்டைவிரல் வெள்ளணுக்களுக்கு,
வலது கட்டைவிரல் அவற்றுக்கு.
நூற்று அறுபது வரை வலது விரல் சும்மா இருந்தது.
பிறகு
ஒரு வளையம்,
கல் பதித்த மோதிரம்போல் ஓரத்தில் சிவப்புப் புள்ளி.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.
அங்கேயே இருந்தது.
ஐந்நூறுக்கு ஏழு.

அடுத்த அறையில் ஓஜாரா
என் கணக்கைப் பார்க்காமல் தன் கணக்கை எழுதினான்:
இல்லை.
இருவர் மாறினால் மூன்றாம் கண் வேண்டும்,
அது வியாழக்கிழமைதான் வரும்.
இரண்டு இரவு, நான் தப்பாயிருக்க ஆசைப்பட்டேன்.
வடிகட்டாத சாயம் தூள்தூளாய்ப் படிந்து ஏமாற்றும்.
பதினோரு வருடமாய் அந்தத் தூளைத் தெரியும்.
அது மோதிரம் போடாது.

வியாழன்: உண்டு.
சரியாய்ச் சொன்னதற்கு
இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

இனி காகிதத்தில் காய்ந்த மூன்று பொட்டு ரத்தம்
கம்பாலாவுக்குப் போகும்.
பழைய கூட்டத்தில் மிஞ்சியவையா,
புதுக் கொசு கொண்டுவந்தவையா?
புதிதென்றால் மருந்துக்குப் பழியில்லை.
பழையதென்றால்
எண்பத்தெட்டில் ஒன்று,
சதவீதத்தில் ஒரு புள்ளிக்குச் சற்று மேல்.
பதில் வர மூன்று மாதம்.

காய்ச்சல் இல்லை அவனுக்கு.
உள்ளே வந்ததும்
இன்று எந்த விரல் என்பதுபோல்
பத்தையும் விரித்து நீட்டினான்.
"விரல் வேண்டாம், வாய்" என்றேன்.
வேறு மாத்திரை, வேறு நிறம்.
லாலம் எள்விழுது கொண்டுவந்திருந்தாள்,
நான் சொல்லாமலே.

விழுங்கினான்.
அவள் சுவர்க்கடிகாரத்துக்கு நேரே
நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தாள்.